வானத்தின் ஆழம் கண்ட கணக்குப்பிள்ளை

பெசல் 1784-ல் ஜெர்மனியில் பிறந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டு, பிரேமன் நகரில் ஒரு வியாபாரக் கம்பெனியில் சேர்ந்தார். பகலில் கம்பெனிக் கணக்கு. இரவில் நட்சத்திரக் கணக்கு! கல்லூரி வாசலையே மிதிக்காத அவர், கோனிக்ஸ்பெர்க் வான ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார்.

அந்நாளைய நட்சத்திரப் பட்டியல்களில் திசை உண்டு, தூரம் இல்லை. பெரிய மேதைகள் முயன்று தோற்ற காரியம் அது.

விரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் நகருகிறது அல்லவா? பூமி சூரியனைச் சுற்றுவதால், அருகிலுள்ள நட்சத்திரமும் இப்படித் துளி நகருவதாகத் தெரியும். அன்னப்பறவை மண்டலத்தின் 61-ம் நட்சத்திரத்தை ஓராண்டுக்கு மேல் கவனித்தார் பெசல். 1838-ல் விடை கிடைத்தது. அதன் ஒளி இங்கே வந்து சேர 10 ஆண்டுக்கு மேல் ஆகிறதாம்!

1846-ல் பெசல் காலமானார். 2013-ல் ஐரோப்பியர் அனுப்பிய கையா விண்கலமும் இதே முறையில்தான் 100 கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்தது.