சிட்டுக்குருவியும் சலீம் அலியும்

நுழையும்முன்

மராத்தியர் 'சிமணி' என்றும் தமிழர் 'சிட்டுக்குருவி' என்றும் அழைக்கும் சின்னஞ்சிறு பறவை, மனிதர் வாழும் வீட்டையே தன் வீடாகக் கொண்டது. குருவிகளைச் சுட்டு விளையாடிய சிறுவன் ஒருவன், பறவைகளின் காவலராக உயர்ந்த வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமைப்பருவம்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். உடன்பிறந்தோருள் இவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் இவரைத் தம் பிள்ளையாகவே வளர்த்தனர்.

அக்காலத்தில் வேட்டையாடுதல் வீரர்க்குரிய விளையாட்டாகக் கருதப்பட்டது. சிறுவன் சலீமின் கையிலும் காற்றுத்துப்பாக்கி ஒன்று இருந்தது. குதிரை இலாயத்தின் சுவர்த்துளையில் சிட்டுக்குருவி இணையொன்று கூடு கட்டியிருந்தது. பெண் குருவி உள்ளே அடைகாக்க, ஆண் குருவி வெளியே ஓர் ஆணியின்மேல் அமர்ந்து காவல் காத்தது. சிறுவன் மறைந்திருந்து அதனைச் சுட்டான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் குருவி வந்து அதே ஆணியில் அமர்ந்தது. அதனையும் சுட்டான், மற்றொன்று வந்தது. இவ்வாறு ஏழு நாள்களில் எட்டு ஆண் குருவிகள் வீழ்ந்தன. சிறுவன் இந்நிகழ்வைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தான். வேட்டையின் பெருமையைப் பதிவு செய்யவே அவன் எழுதினான். ஆயினும், பின்னாளில் அது ஒரு பறவையியலாளரின் முதற்குறிப்பாக மதிக்கப்பட்டது.

திருப்புமுனை

ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. அது வழக்கமான சிட்டுக்குருவி அன்று. அஃது எவ்வகைப் பறவை என மாமாவிடம் வினவினான். அவருக்கும் விடை தெரியவில்லை. எனவே, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்பவரிடம் சிறுவனை அனுப்பினார்.

இறந்த குருவியுடன் தயங்கி நின்ற சிறுவனை அவ்வாங்கிலேயர் அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என விளக்கினார். கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த எண்ணற்ற பறவைகளையும் காட்டினார். அன்று சிறுவனின் உள்ளத்தில் எழுந்த அறிவு வேட்கை இறுதிவரை தணியவே இல்லை.

துன்பத்தில் கிடைத்த வாய்ப்பு

கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திய சலீம் அலி, குடும்பத் தொழிலின் பொருட்டு பர்மா சென்றார். அங்கும் காடுகளில் பறவைகளையே தேடினார். தாயகம் திரும்பியபின், 1926ஆம் ஆண்டு மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகப் பணியேற்றார். பின்னர் ஜெர்மனி சென்று, பேரறிஞர் ஸ்ட்ரெசெமானிடம் பறவையியல் பயின்றார். 1930ஆம் ஆண்டு நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவரது பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்த அவர் மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதைக் கண்டு, பல மாதங்கள் அவற்றை உற்றுநோக்கினார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டும். பெண் குருவி வந்து அதனை ஆய்ந்து பார்த்து ஏற்கும். அதன்பின் ஆண் குருவி கூட்டை முடித்துவிட்டு, அடுத்த கூட்டைத் தொடங்கும். இவ்வுண்மைகளைத் தெளிவுபடுத்திய ஆய்வு அவருக்குப் பெரும்புகழ் தந்தது.

அரும்பணிகள்

திருவிதாங்கூர், கொச்சி, ஐதராபாத் முதலிய பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பை மேற்கொண்டார். காடுமேடுகளில் உடன்வந்து உதவிய தெஹ்மினா 1939ஆம் ஆண்டு மறைந்தார். அப்பெருந்துயரிலும் அவர் பணி நிற்கவில்லை. 1941ஆம் ஆண்டு இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து பத்துத் தொகுதிகள் கொண்ட பறவைக் கையேட்டையும் உருவாக்கினார். பரத்பூர் பறவைகள் காப்பகமும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் காக்கப்பட அவர் குரல் துணைநின்றது.

1976ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருது பெற்றார். தம் வாழ்வின் திசையை மாற்றிய பறவையை மறவாமல், தன்வரலாற்றுக்குச் 'சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' எனப் பெயரிட்டார். 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் இயற்கை எய்தினார். கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் அமைந்துள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய நிலை

சலீமின் இளமையில், ஒரு குருவி வீழ்ந்தால் அவ்விடத்திற்கு மற்றொன்று வந்தது. 2020ஆம் ஆண்டு வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் நோக்கச் சிட்டுக்குருவிகள் ஏறத்தாழ நிலையாகவே உள்ளன என்கிறது. ஆயினும் மும்பை, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் அவை குறைந்து வருகின்றன என்றும் அது கூறுகிறது.

ஓட்டுவீட்டின் இடுக்குகளில் குருவி கூடு கட்டும். வழவழப்பான சுவரும் கண்ணாடிச் சன்னலும் கொண்ட அடுக்ககத்தில் அதற்கு இடமில்லை. வளர்ந்த குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கோ புழுபூச்சிகள் வேண்டும். செடிகொடிகள் அழிந்து, பூச்சிக்கொல்லி மிகுந்த இடத்தில் குஞ்சு பட்டினி கிடக்கும். கைப்பேசிக் கோபுரங்களே காரணம் எனப் பலர் கூறுவர். அஃது இதுவரை உறுதியாக மெய்ப்பிக்கப்படவில்லை.

இன்று குருவிகளை யாரும் துப்பாக்கியால் சுடுவதில்லை. இருப்பினும், கூட்டுக்குரிய துளை அடைபடும்போது ஒரு குருவிக் குடும்பம் வீடிழக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் 20ஆம் நாள் கொண்டாடப்படும் உலகச் சிட்டுக்குருவி நாள் இதனையே நினைவூட்டுகிறது.

சொல்லும் பொருளும்

இலாயம் – குதிரை கட்டுமிடம்
வேட்கை – பெருவிருப்பம்
உற்றுநோக்கல் – கூர்ந்து பார்த்தல்
அடுக்ககம் – அடுக்குமாடிக் குடியிருப்பு

விடையளிக்க

1. மில்லார்டு சிறுவன் சலீமைக் கடிந்து அனுப்பியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?
2. வேலையிழப்பு சலீம் அலிக்கு எவ்வாறு நன்மையாயிற்று?
3. நகரங்களில் சிட்டுக்குருவிகள் குறைவதற்கான காரணங்கள் இரண்டினை எழுதுக.

செயல்திட்டம்

பிம்ப்ரியில் உங்கள் குடியிருப்பைச் சுற்றி ஏழு நாள்கள் காலையில் காணும் பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதுக. சொந்த ஊரில் வாழும் தாத்தா பாட்டியிடம் அவர்கள் வீட்டில் குருவிகள் கூடு கட்டிய இடங்களைக் கேட்டறிந்து, உங்கள் குறிப்புடன் ஒப்பிடுக.