டன்லப்பும் காற்றுச் சக்கரமும்

காவிரி கல்லணையிலும் அதற்கு அப்பாலும் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு முதலான பல கிளைகளாகப் பிரிந்து, தஞ்சை வளநாட்டை நெல் விளையும் பெருநிலமாக ஆக்குகின்றது. அவ்வாறுகளின் கரைகளும், வாய்க்கால்களை ஒட்டிய தடங்களும், வயல்களின் ஊடே செல்லும் மண்பாதைகளும் அந்நாட்டுச் சிற்றூர்களை ஒன்றோடொன்று இணைப்பன. முற்காலத்தில் அவ்வழிகளில் மாட்டு வண்டிகளே சென்றன. வண்டியின் மரச்சக்கரத்திற்கு இரும்புப் பட்டை பூட்டப்பட்டிருக்கும். அச்சக்கரம் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குந்தோறும் வண்டியில் அமர்ந்திருப்பவர் உடல் குலுங்கி வருந்துவர்.

இருபதாம் நூற்றாண்டில் மிதிவண்டி அவ்வழிகளிற் புகுந்தது. பள்ளிக்குச் செல்லும் மாணவரும், கடிதம் கொணரும் அஞ்சற்காரரும், வயலைப் பார்வையிடச் செல்லும் உழவரும் அதனைத் தமக்கு உற்ற துணையாகக் கொண்டனர். கரடுமுரடான பாதையிலும் மிதிவண்டி மென்மையாகச் செல்வதற்குக் காரணம் யாது? அதன் சக்கரங்களைச் சூழ்ந்த ரப்பர்க் குழாயில் அடைபட்டிருக்கும் காற்றே அதற்குக் காரணமாகும். கண்ணுக்குப் புலனாகாத அக்காற்றை மனிதனைச் சுமக்கும் பணியில் ஈடுபடுத்தி வெற்றி கண்டவர் ஜான் பாய்டு டன்லப் என்பவர்.

டன்லப் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் டிரெகார்ன் என்னும் ஊரில், உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆடு மாடுகளிடையே வளர்ந்த அவர், எடின்பரோ நகரத்தில் கால்நடை மருத்துவம் பயின்றார். 1867-ஆம் ஆண்டில் அயர்லாந்துக்குச் சென்று மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். பின்னர் பெல்பாஸ்டு நகரில் அவருடைய தொழில் நன்கு வளர்ந்தது. நோயுற்ற குதிரைகளையும் பசுக்களையும் காணக் கல் பாவிய தெருக்களிலும் நாட்டுப்புறச் சாலைகளிலும் அவர் ஓயாது பயணம் செய்ய வேண்டியிருந்தது. வன்சக்கரத்தின் துன்பத்தை அவர் தம் உடலாலேயே அறிந்திருந்தார்.

டன்லப்பிற்கு மகன் ஒருவன் இருந்தான். அச்சிறுவனிடம் மூன்று சக்கரங்களையுடைய மிதிவண்டி ஒன்று இருந்தது. அக்காலத்து மிதிவண்டிச் சக்கரங்களின்மேல் கெட்டியான ரப்பர்ப் பட்டையே பொருத்தப்பட்டிருந்தது. கல் பாவிய தெருவில் அதனை ஓட்டிய சிறுவன், வண்டி அதிர்வதாலும் விரைந்து செல்லாமையாலும் வருந்தினான். மகனது குறையைக் கேட்ட தந்தை, சிறுவர்க்கு இது இயல்பே என்று புறக்கணித்துவிடவில்லை. அதிர்வை நீக்கும் வழி யாது என ஆராயத் தொடங்கினார்.

1887-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் தம் வீட்டு முற்றத்தில் ஓர் ஆய்வு நடத்தினார். வட்டமான மரப்பலகை ஒன்றை எடுத்து, மெல்லிய ரப்பர்த் தகட்டாற் செய்த குழாயை அதன் விளிம்பைச் சுற்றிப் பொருத்தித் துணியால் பொதிந்தார். குழாயினுள் காற்றை நிரப்பினார். பின்னர் மகனுடைய வண்டியிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, அதனையும் தாம் செய்த சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் சிறிது தொலைவு ஓடி விழுந்துவிட்டது. காற்றடைத்த சக்கரமோ முற்றத்தைக் கடந்து சென்று, வாயிற் கம்பத்தில் மோதித் திரும்பியது. காற்று மென்மை தருவதோடு விரைவும் தரும் என்னும் உண்மை அப்பொழுது புலனாயிற்று. 1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிறுவனது வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் காற்றுச் சக்கரங்களாயின.

அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் டன்லப்பிற்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. ஆயினும் உலகம் புதியதை எளிதில் ஏற்பதில்லை. பருத்த டயர்களைக் கண்டோர் அவற்றை எள்ளி நகையாடினர். 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் பெல்பாஸ்டில் மிதிவண்டிப் போட்டிகள் நடைபெற்றன. வில்லி ஹியூம் என்னும் இளைஞர் காற்றடைத்த டயர் பூட்டிய மிதிவண்டியில் ஏறிக் களத்திற் புகுந்தார். நகைத்தவர் அனைவரும் வியக்குமாறு, நான்கு போட்டிகளிலும் அவரே முதல்வராக வந்தார். அவரிடம் தோற்றவர்களுள் ஹார்வி டு கிராஸ் என்னும் வணிகரின் மைந்தர்களும் இருந்தனர். மக்களின் தோல்வியால் சினங் கொள்ளாத அவ்வணிகர், அதன் காரணத்தை ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே டயர் செய்யும் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்து, டன்லப்பையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

இவ்வாறு புகழ் வளர்ந்துவரும்பொழுது எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்து நாட்டவர், காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தமை தெரியவந்தது. மிதிவண்டி பெருகாத அக்காலத்தில் குதிரை வண்டிகளுக்கென அவர் செய்த சக்கரம் வழக்கில் நிலைபெறவில்லை. அவரும் 1873-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் கண்டதை உலகம் மறந்துவிட்டது. டன்லப் அதனை அறியாமல் தாமாகவே கண்டுபிடித்தார் எனினும், முன்னவரின் உரிமையே உரிமையாகும். ஆதலின் டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று 1890-ஆம் ஆண்டில் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

வேறொரு குறையும் இருந்தது. டன்லப் செய்த டயர் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. ஒரு சிறு முள் தைத்தாலும் அதனைப் பிரித்து ஒட்டுவது பெரும்பாடாயிற்று. இக்குறையைப் பிறர் நீக்கினர். வெல்ச், பார்ட்லெட் என்னும் இருவரும், 1890-ஆம் ஆண்டில் தனித்தனியே, டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றி மாட்டுவதற்குரிய வழிகளைக் கண்டனர். அடுத்த ஆண்டில் உட்ஸ் என்பவர் எளிய வால்வு ஒன்றை அமைத்தார். ஓர் உலோகக் குழலின் பக்கத்தில் சிறு துளை இருக்கும். அதனை மூடியவாறு மெல்லிய ரப்பர் உறை செருகப்பட்டிருக்கும். வெளியிலிருந்து அடிக்கும் காற்று உறையைத் தள்ளிக்கொண்டு உட்புகும். உள்ளிருக்கும் காற்றோ அவ்வுறையைத் துளைமேல் அழுத்தித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். நம் நாட்டு மிதிவண்டிக் கடைகளில் வால்டியூப் என வழங்குவது அந்த ரப்பர் உறையே. ஒருவர் தொடங்கிய நற்பணியைப் பலர் சேர்ந்து நிறைவு செய்தனர் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

டன்லப் 1895-ஆம் ஆண்டில் நிறுவனத்தை விட்டு விலகினார். அதன்பின் அந்நிறுவனம் ஈட்டிய பெருஞ்செல்வத்தில் அவர்க்குப் பெரும்பங்கு கிட்டவில்லை. உலகெங்கும் டயர்களின்மேல் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்க, அவரோ டப்ளின் நகரில் ஆரவாரமின்றி வாழ்ந்து, 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் தமது எண்பத்தோராம் வயதில் மறைந்தார். காற்றுச் சக்கரத்தின் வரலாற்றைக் கூறும் அவரது நூல், அவர் மறைவுக்குப் பின்னர் அவருடைய மகளாரின் முயற்சியால் வெளிவந்தது.

டன்லப்பின் வரலாறு அயல்நாட்டார் ஒருவரின் வரலாறாயினும், காவிரி நாட்டிற்கும் அதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. மிதிவண்டிக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் டயர்கள் மிகுதியாகத் தேவைப்பட்டமையால், மலேயா நாட்டில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்கே பால் வடிக்கும் தொழிலுக்குத் தமிழ்நாட்டு ஏழை மக்கள் பல்லாயிரவர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் தஞ்சை வயல்களில் உழைத்தவர் பலர். நாகப்பட்டினத் துறைமுகமே அவர்கள் தாய்நாட்டை இறுதியாகக் கண்ட இடமாயிற்று. விடியுமுன் எழுந்து மரத்தைக் கீறிப் பால் சேர்த்த அவர்களுள் காய்ச்சலுக்கு இரையாகித் திரும்பாது போனவர் மிகப் பலர். ஒருவர் உடல் குலுங்காமற் செல்லும் இன்பத்திற்குப் பின்னால் வேறொருவர் உடல் நைந்த துன்பமும் உண்டு. ஆதலின் ஒரு டயரைப் பேணாது பாழாக்குதல் பொருளிழப்பு மட்டுமன்று. பிறர் உழைப்பை மதியாமையும் ஆகும்.

நம் நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியது. வங்காளத்தில் சாகாகஞ்சு என்னுமிடத்தில் 1936-ஆம் ஆண்டிலும், சென்னைக்கு அருகில் அம்பத்தூரில் 1959-ஆம் ஆண்டிலும் டன்லப் பெயரால் டயர்த் தொழிற்சாலைகள் எழுந்தன. அதே அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டில் மிதிவண்டித் தொழிற்சாலையும் நிறுவப்பட்டது. தஞ்சைக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991-ஆம் ஆண்டு முதல் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகச் சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். ஹியூமைக் கண்டு நகைத்தது போலவே அவர்களைக் கண்டும் நகைத்தவர் உண்டு. ஆனால் நீர் கொணரவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிறர் கையை எதிர்பாராமல் வெளியே சென்று வரவும் அப்பெண்களுக்கு மிதிவண்டி உதவியது. நகைத்த வாய்கள் தாமே அடங்கின.

டன்லப் கால்நடை மருத்துவர். வாய் பேசாத விலங்கின் நோயைக் கண்ணாலும் கையாலும் அறிவதே அவர் தொழில். மிதிவண்டியும் வாய் பேசாததே. அதனை நாள்தோறும் நோக்கி நலம் அறிதல் ஓட்டுபவர் கடமை. வண்டி பூட்டுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்க்கும் தஞ்சை உழவர்க்கு இது புதிய பாடமன்று.

முதலில் டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்தால், கல்லில் ஏறும்பொழுது டியூப் கல்லுக்கும் இரும்பு வளையத்திற்கும் இடையே நசுங்கிக் கிழியும். அளவு மீறி நிரப்பி வெயிலில் நிறுத்தினாலோ, காற்று விரிந்து டியூப் வெடித்தலும் கூடும். வால்வின் வாயில் ஒரு துளி நீர் வைத்தால், காற்றுக் கசிவு உண்டா இல்லையா என்பதைக் குமிழி காட்டிவிடும். முள் தைத்த டியூபை நீர் நிறைந்த தொட்டியில் அமிழ்த்தித் துளையைக் கண்டு ஒட்டுவர். ஆனால் டயரில் தங்கிய முள்ளை நீக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் பயனில்லை.

அடுத்து, இரு பிரேக்குகளையும் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்த்தல் வேண்டும். தேய்ந்த பிரேக்குக் கட்டைகளை உடனே மாற்றுதல் நன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்யும்பொழுது சக்கர வளையம் நனைந்திருக்கும். அப்பொழுது பிரேக்கு விரைந்து பற்றாது. ஆகையால் மெதுவாகச் செல்லுதலும், முன்னதாகவே பிரேக்கைப் பிடித்தலும் வேண்டும். வயற்சேறு சங்கிலியில் படிந்தால் துடைத்து எண்ணெய் இடுதல் வேண்டும். பிரேக்குக் கட்டையிலோ வளையத்திலோ எண்ணெய் படுதல் கூடாது. சங்கிலி மிகத் தளர்ந்தால் நடுவழியிற் கழன்று வீழ்த்தும். அச்சின் திருகுகள் இறுகியுள்ளனவா, ஆரக்கம்பிகள் தளர்ந்துள்ளனவா, கைப்பிடி நேராக நிற்கின்றதா என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும். மணி பிறர்க்கு நம் வரவை உணர்த்தும். விளக்கும் பின்புறச் செவ்வொளிக் கண்ணாடியும் இருளில் நம்மைக் காக்கும். ஒருபுறம் ஆறும் மறுபுறம் வயலுமாக உள்ள கரைப் பாதையில், பிரேக்கு இல்லாத வண்டி ஓட்டுபவரை மட்டுமன்றி எதிரே வரும் முதியோரையும் சிறாரையும் இடருக்கு உள்ளாக்கும்.

இவற்றை எல்லாம் நோக்குதற்கு ஐந்து நிமிடமே போதும். அச்சிறு பொழுதைச் செலவிடச் சோம்பியவர், உடைந்த எலும்பு கூடுவதற்குப் பல திங்கள் காத்திருக்க நேரும்.

டன்லப் தம் காப்புரிமையை இழந்தார், பெருஞ்செல்வமும் எய்தவில்லை. ஆயினும் ஒரு சிறுவனின் துன்பத்தைத் துடைக்க எண்ணிய அவர் அன்பு, எண்ணிறந்த மக்களின் பயணத்தை எளிதாக்கியது. பிறர் துன்பத்தைச் சிறிதென்று எண்ணாமையும், சிறு குறையைப் பெரிதாக முற்றவிடாமையும் அவர் வரலாறு நமக்கு உணர்த்தும் இரு பண்புகளாகும். மிதிவண்டியில் ஏறுமுன் டயரில் விரல் வைக்கும் மாணவர், அவ்விரு பண்புகளையும் தம் வாழ்விற் கொள்வாராக.