எமில் ஃபிஷர்: உடம்புக்குள்ளேயே கரையும் பாலிமர்களுக்கு விதை போட்டவர்

மருந்தைச் சுமந்துகொண்டு உடம்புக்குள் போகும் ஒரு பாலிமர். வேலை முடிந்ததும் துண்டு துண்டாகி, உடம்பு தினமும் பயன்படுத்தும் பொருளாகவே மாறிவிட்டால்? வெளியே எடுக்க ஆபரேஷன் வேண்டாம். அமினோ அமில பாலிமர்கள் மேல் ஆய்வாளர்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கக் காரணம் இதுதான். இந்த யோசனையின் வேர், 120 வருடங்களுக்கு முந்தைய பெர்லினில், எமில் ஃபிஷர் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் இருக்கிறது.

யார் இந்த ஃபிஷர்?

1852 அக்டோபர் 9-ம் தேதி, ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா வியாபாரி. மர வியாபாரத்தில் பையனை இறக்கிப் பார்த்தார், செட் ஆகவில்லை. தொழிலுக்கு லாயக்கில்லை, படிக்கவாவது போகட்டும் என்று 1871-ல் பான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார்.

1875-ல் ஃபீனைல்ஹைட்ரசீன் என்ற பொருளை ஃபிஷர் கண்டுபிடித்தார். ஒன்றுபோலத் தெரியும் சர்க்கரை வகைகளைப் பிரித்தறிய அது உதவியது. குளுக்கோஸின் அமைப்பை அவர் அவிழ்த்தது இதன் துணையோடுதான். 1902-ல் வேதியியல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அதே பொருள் அவரை மெல்ல விஷமாகத் தாக்கி, உடல்நலத்தையும் கெடுத்தது. கல்யாணமாகி ஏழே வருடத்தில், 1895-ல் மனைவி ஆக்னஸ் இறந்துபோனார். மூன்று சிறு பையன்களோடு தனியானார் ஃபிஷர்.

மணி மணியாகக் கோத்த சங்கிலி

நோபல் வாங்கிய பிறகு ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ அதைவிடக் கஷ்டமான புரதத்தில் ஏற்கெனவே இறங்கியிருந்தார்.

முட்டையோ பருப்போ, அதில் உள்ள புரதத்தை உடைத்தால் கிடைப்பது அமினோ அமிலங்கள். சிம்பிளா சொன்னா, மாலையில் கோத்த மணிகள் மாதிரி. அந்த மணிகளைச் செயற்கையாகக் கோக்க முடியுமா என்பதுதான் ஃபிஷரின் கேள்வி. 1901-ல் இரண்டு கிளைசின்களை இணைத்தார். ஒவ்வொரு மணியாகச் சேர்த்து, 1907-ல் 18 மணிகள் கொண்ட சங்கிலியை எட்டினார்: 15 கிளைசின், 3 லூசின். செயற்கை உணவே வந்துவிட்டதுபோலப் பத்திரிகைகள் பரபரத்தன. க்ளிக்பெய்ட் அன்றைக்கும் இருந்தது!

அவர் செய்த இன்னொரு சோதனைதான் நம் கதைக்கு ரொம்ப முக்கியம். தான் உருவாக்கிய சங்கிலிகளைக் கணையச் சாற்றில் போட்டுப் பார்த்தார். இயற்கையில் இருக்கும் வடிவ அமினோ அமிலங்களால் ஆன சில சங்கிலிகளை, அதில் உள்ள என்சைம்கள் வெட்டின. அதே அமிலத்தின் கண்ணாடி பிம்ப வடிவத்தைக் கோத்தால் வெட்டவில்லை. சங்கிலி உடம்பில் எவ்வளவு சீக்கிரம் கரைய வேண்டும் என்று டிசைன் செய்ய, இன்றைக்கும் இதே வித்தியாசம் உதவுகிறது.

பக்கத்து மேஜையில் நடந்தது

1906-ல், ஃபிஷரின் ஆய்வகத்தில் இருந்த ஹெர்மன் லாய்க்ஸ் என்ற இளைஞர், அமினோ அமிலத்திலிருந்து வளைய வடிவ மூலக்கூறு ஒன்றைச் செய்தார். கொஞ்சம் தண்ணீர் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கரையாத ஒரு பொருள் மிஞ்சியது. வளையங்கள் திறந்து, ஒன்றோடொன்று தானாகவே கோத்துக்கொண்டிருந்தன. ஃபிஷர் வருடக்கணக்கில் மணி மணியாகச் செய்ததைவிட நீளமான சங்கிலி, ஒரே மூச்சில்! ஒரே குறை, மணிகளின் வரிசையை நாம் தீர்மானிக்க முடியாது.

ஆனால் பிரம்மாண்ட மூலக்கூறுகள் இருக்க முடியும் என்பதையே அப்போது பெரும்பாலான வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. ஃபிஷருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. லாய்க்ஸ் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

போரும் முடிவும்

முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மனிக்கான ரசாயன உற்பத்தி வேலைகளில் ஃபிஷர் மூழ்கினார். போர்க்காலத்திலேயே இரண்டு மகன்களை இழந்தார்: வால்டர் 1916-ல் தற்கொலை செய்துகொண்டார்; ஆல்ஃபிரட் 1917-ல் புகாரெஸ்டில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். மூத்தவர் ஹெர்மன் மட்டும் மிஞ்சினார். அவரும் பின்னாளில் வேதியியலாளர்தான். புற்றுநோய் இருப்பது தெரிந்த நிலையில், 1919 ஜூலை 15 அன்று ஃபிஷரும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்றே வரலாற்றாளர்கள் பலர் எழுதுகிறார்கள்.

அடுத்த வருடமே, நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உண்மைதான் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் வாதிட்டார். 1940-களில் அமெரிக்காவின் ராபர்ட் உட்வர்ட் உள்ளிட்டோர் லாய்க்ஸின் வளையத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு 1996-ல் அமெரிக்கா அனுமதித்த கிளாட்டிராமர் அசிடேட் ஊசி மருந்து, நான்கு அமினோ அமிலங்கள் வரிசை மாறி மாறிக் கோத்த பாலிமர். அதைச் செய்யும் முதல் படியில் வளையம் திறக்கிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 1906-ல் லாய்க்ஸ் பார்த்த அதே வினை.