தபால் தலை சேர்த்த ஜனாதிபதி
கால்கள் முடங்கியபோது கைகொடுத்த ஆல்பம்

அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு 4 முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே மனிதர் பிராங்ளின் ரூஸ்வெல்ட். இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரை எதிர்த்து நின்ற பெருந்தலைவர்களில் ஒருவர். அவர் நாள்தோறும் இரவில் படுக்கப் போகும் முன் ஒரு வேலை செய்வார். பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, தபால் தலைகளை ஆல்பத்தில் ஒட்டுவார்!

ஊரில் இருந்து கடிதம் வந்தால், அதில் உள்ள தபால் தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, பழைய நோட்டில் ஒட்டி வைத்த பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதே பழக்கம்தான் அவருக்கும்.

தாய் வழிச் சொத்து

ரூஸ்வெல்ட் 1882-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஹைட் பார்க் என்ற ஊரில் பிறந்தார். செல்வக் குடும்பம். ஒரே பிள்ளை என்று தாயார் சாரா பொத்திப் பொத்தி வளர்த்தார்.

சாராவின் தந்தை சீனாவுடன் வாணிபம் செய்தவர். அதனால் சிறுமியாக இருந்தபோது சாரா ஹாங்காங்கில் வசித்தார். தபால் தலை சேர்க்கும் ஆசை அவருக்கும் இருந்தது. அவர் சேர்த்தவை தம்பிக்குப் போயின. தாய்மாமன் அவற்றை மருமகன் பிராங்ளினிடம் கொடுத்தார்.

பிராங்ளின் சேர்க்கத் தொடங்கியபோது வயது 8. எந்த நாடு எங்கே இருக்கிறது, அங்கே யார் ராஜா, என்ன நாணயம், என்ன விளைகிறது என்பதையெல்லாம் அந்தச் சின்னக் காகிதங்களில் இருந்தே அவர் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் அவருடைய பூகோள அறிவைக் கண்டு அதிகாரிகள் வியந்தார்கள்.

39 வயதில் விழுந்த இடி

படிப்பு, திருமணம், அரசியல் எல்லாம் ஏறுமுகமாகவே இருந்தன. 1920-ல் உப ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அது பெரிய அடி அல்ல. பெரிய அடி அடுத்த ஆண்டு விழுந்தது.

1921 ஆகஸ்டு மாதம். கனடா நாட்டைச் சேர்ந்த கேம்போபெல்லோ தீவில் குடும்பத்துடன் விடுமுறையில் இருந்தார். ஒரு நாள் நீந்திக் குளித்துவிட்டு வந்தவருக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல் கண்டது. சில நாட்களில் இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. இளம்பிள்ளை வாதம் என்றார்கள் டாக்டர்கள். அவருக்கு அப்போது வயது 39.

அரசியலை விட்டுவிட்டு மகன் ஊரோடு வந்து ஓய்வாக இருக்கட்டும் என்று தாயார் விரும்பினார். மனைவி எலினார் அதற்கு உடன்படவில்லை. வீட்டுக்குள் இந்த இழுபறி நடந்துகொண்டிருக்க, கட்டிலில் கிடந்தவர் கேட்டு வாங்கியது தபால் தலை ஆல்பத்தைத்தான். எழுந்து நடக்க முடியாதவர் ஹைட்டிக்கும் ஹாங்காங்குக்கும் பிரேசிலுக்கும் ஆல்பம் வழியே போய் வந்தார். வேதனையையும் விரக்தியையும் மறக்க அது பெரிய மருந்தாக அமைந்தது.

பிறகு இரும்புப் பட்டைகளைக் கால்களில் பூட்டிக்கொண்டு எழுந்து நிற்கப் பழகினார். 1928-ல் நியூயார்க் மாநில கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1933 மார்ச் 4-ந்தேதி ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். நாட்டில் பாங்குகள் மூடிக் கிடந்த, கோடிக்கணக்கானோர் வேலை இழந்து நின்ற நேரம் அது.

படம் வரைந்து கொடுத்தார்

ஜனாதிபதி ஆன பின்பும் பொழுதுபோக்கை விடவில்லை. வெளிநாட்டுக் கடிதங்களின் உறைகளை வெளியுறவு இலாகா அவருக்குச் சேர்த்து அனுப்பியது. பயணம் போனால் தபால் தலைப் பெட்டியும் கூடவே போகும்.

அவர் காலத்தில் 200-க்கும் அதிகமான புதிய தபால் தலைகள் அவர் பார்வைக்கு வந்து, அவர் ஒப்புதலுடன் வெளியாயின. சிலவற்றுக்கு அவரே பென்சிலால் மாதிரி வரைந்து கொடுத்தார். தென் துருவப் பயணத்துக்கான 1933-ம் ஆண்டுத் தபால் தலையும், 1934-ல் வந்த அன்னையர் தினத் தபால் தலையும் அப்படிப்பட்டவை.

வந்தது வம்பு

இதே ஆசையால் ஒரு முறை அவமானமும் நேர்ந்தது. தபால் மந்திரி ஜேம்ஸ் பார்லி, புதிய தபால் தலைகள் அச்சாகும்போது ஓரத்தில் துளையிடாத, கோந்து தடவாத முழுத் தாள்களைக் காசு கொடுத்து வாங்கினார். அவற்றை ஜனாதிபதிக்கும் வேண்டியவர்களுக்கும் பரிசாகக் கொடுத்தார். அந்த வகைத் தாள் கடையில் யாருக்கும் கிடைக்காது. எனவே அதன் மதிப்பு ஆயிரக்கணக்கான டாலர்!

விஷயம் வெளியானதும் சாதாரண சேகரிப்பாளர்கள் கொதித்து எழுந்தார்கள். பதவியில் இருப்பவருக்கு ஒரு நியாயம், வரிசையில் நிற்பவருக்கு ஒரு நியாயமா என்று கேட்டார்கள். முடிவில் 1935-ல் அதே மாதிரித் தாள்களைப் புதிதாக அச்சிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க வேண்டியதாயிற்று.

பறிபோன நாடுகளின் கொடிகள்

போர்க்காலத்தில் தபால் தலையே ஓர் ஆயுதம் ஆனது. 1943, 1944-ம் ஆண்டுகளில் 13 நாடுகளின் கொடிகளுடன் 5 சென்ட் தபால் தலைகள் வெளிவந்தன. போலந்து, நார்வே, பிரான்சு, கிரீஸ் என்று, ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் கைப்பற்றிய நாடுகள் அவை. ஜப்பான் பிடித்திருந்த கொரியாவும் அதில் உண்டு. கொடியின் ஒரு பக்கம், சாம்பலில் இருந்து எழும் பீனிக்ஸ் பறவை. மறு பக்கம், விலங்கை உடைக்கும் பெண்.

நட்பு நாடான பிரிட்டனின் பிடியில் இருந்த இந்தியாவுக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. இந்தியாவுக்குத் தன்னாட்சி தர வேண்டும் என்று 1942-ல் ரூஸ்வெல்ட் சர்ச்சிலிடம் வற்புறுத்தியது உண்டு. சர்ச்சில் அசையவில்லை. போரில் கூட்டாளியை இழக்க விரும்பாத ரூஸ்வெல்ட்டும் அதற்கு மேல் போகவில்லை.

கடைசித் தபால் தலை

ஐக்கிய நாடுகள் சபையை அமைக்க 1945 ஏப்ரல் 25-ந்தேதி சான்பிரான்சிஸ்கோவில் மாநாடு கூட இருந்தது. அதற்கான தபால் தலைக்கும் அவர் ஒப்புதல் தந்தார். ஆனால் அது வெளிவந்ததைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஏப்ரல் 12-ந்தேதி வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் காலமானார். வயது 63. குறித்த நாளில் வெளியான அந்தத் தபால் தலையில் அவர் பெயரும் இருந்தது.

அவர் சேகரிப்பு 1946-ல் நியூயார்க்கில் ஏலம் போனது. 2 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. பல தலைகள் மிகச் சாதாரணமானவை. அவருடையவை என்பதாலேயே போட்டி போட்டு வாங்கினார்கள்.

அவர் தபால் தலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியையே மொனாக்கோ நாடு ஒரு தபால் தலையாக வெளியிட்டது. அதில் அவர் இடது கையில் 6 விரல்கள்! படம் வரைந்தவர் செய்த பிழை. ரூஸ்வெல்ட் உயிருடன் இருந்திருந்தால், பூதக்கண்ணாடியில் பார்த்து முதல் ஆளாகச் சிரித்திருப்பார். அடுத்த நிமிடம் அதை ஆல்பத்தில் ஒட்டியும் இருப்பார்.