தேயிலைக்குப் பெயர் தந்த அருட்சகோதரர்

காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் நாம் நாடுவது ஒரு குவளைத் தேநீர். தேயிலைச் செடியின் தாவரவியல் பெயர் காமேலியா சினென்சிஸ் என்பதாகும். இப்பெயருக்குள் இயேசு சபையின் எளிய துணைச் சகோதரர் ஒருவரின் பெயர் மறைந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவரே அருட்சகோதரர் ஜார்ஜ் ஜோசப் காமெல். இன்றைய செக் நாட்டின் ப்ருனோ நகரில் 1661-ஆம் ஆண்டு பிறந்தார். 1682-இல் இயேசு சபையில் சேர்ந்தார். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர். மருந்து தயாரிப்பதே அவரது பணி. 1688-இல் பிலிப்பைன்ஸ் சேர்ந்த அவர், மணிலாவில் சபையின் மருந்தகத்தை நடத்தி, ஏழைகளுக்கு இலவசமாக மருந்து வழங்கினார்.

அத்தீவுகளின் செடி கொடிகளிலேயே மருந்து தேடினார். ஒவ்வொன்றையும் படமாக வரைந்தார். இலையும் பூவுமாகக் கொய்து, காகிதங்களுக்கிடையே அழுத்தி உலர்த்தினார். மக்கள் வழங்கும் பெயரையும் மருத்துவப் பயனையும் குறித்துக்கொண்டார். நம் எட்டி மரத்தின் இனமான இஞ்ஞாசியார் கொட்டையைப் பற்றி அவர் எழுதிய விவரம் 1699-இல் இலண்டனில் அச்சேறியது.

ஐரோப்பாவுக்கு அவர் அனுப்பிய முதல் தொகுப்பு கடற்கொள்ளையர் கையில் சிக்கியது. பல ஆண்டு உழைப்பு கடலோடு போயிற்று! எனினும் மனந்தளராமல் மீண்டும் தொடங்கினார். இம்முயற்சியில் நம் சென்னைக்கும் பங்குண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேய மருத்துவர் சாமுவேல் பிரவுன் வழியாக அவருடைய கட்டுகள் இலண்டனுக்குச் சென்றன. அங்கே அவற்றைப் பெற்றவர்கள் மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவரும், ஆங்கிலிக்கன் குருவான ஜான் ரேயும். சமயப் பகைமை மிகுந்திருந்த அக்காலத்தில், பிரிந்திருந்தோரை உலர்ந்த இலைகள் இணைத்தன. 1704-இல் ரே தமது பெருநூலின் மூன்றாம் தொகுதியில் காமெலின் குறிப்புகளை அவர் பெயராலேயே வெளியிட்டார். அவர் அனுப்பிய தாவரங்கள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

1706-இல், தமது 45-ஆம் வயதில், மணிலாவில் இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டு சுவீடனில் லூத்தரன் போதகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த லின்னேயஸ், பின்னாளில் கிழக்காசியாவின் அழகிய பூஞ்செடி ஒன்றுக்குக் காமேலியா எனப் பெயரிட்டார். அது காமெல் கண்டுபிடித்த செடியன்று. அவர் உழைப்புக்குச் செலுத்திய மரியாதை. பிற்காலத் தாவரவியலார் தேயிலையையும் அவ்வினத்தோடு சேர்த்தனர்.

இவ்விழா மலரில் பங்குத்தந்தையர் பெயர்களைக் காண்கிறோம். ஆலயத்தைப் பெருக்கியவர்கள், விளக்கேற்றியவர்கள், நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டு போனவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மறைவில் செய்த பணியை இறைவன் மறப்பதில்லை. அடுத்த முறை தேநீர் அருந்துகையில் அந்த எளிய சகோதரரை நினைப்போம்; நம் பங்கின் பெயரறியாத் தொண்டர்களுக்காகவும் நன்றி செலுத்துவோம்.