நீண்ட கைகளின் காவலர்

தஞ்சோங் பகார் இரயில் நிலையம் 1932ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை இயங்கியது. கோலாலம்பூருக்குச் செல்லும் இரயில்கள் அங்கிருந்துதான் புறப்பட்டன. 1970களில் மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் நெருங்கிவிட்டால், சிங்கப்பூர் இரசிகர்கள் இரயிலிலும் பேருந்திலும் கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கத்தை நோக்கிப் பயணம் செய்வார்கள். 1975 முதல் 1979 வரை ஐந்து ஆண்டுகளும் சிங்கப்பூர் இறுதியாட்டத்திற்குச் சென்றது. அவற்றுள் நான்கில் சிலாங்கூர் அணியிடம் தோற்றது. அக்காலச் சிலாங்கூர் அணியின் புகழ்பெற்ற கோல் காவலர் ஒரு தமிழர். அவர் பெயர் ஆர். ஆறுமுகம்.

ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய கைகள் மிக நீளமானவை. கம்பத்தின் ஓரமாகப் பாயும் பந்தையும் தாவி எட்டிவிடுவார். அதனால் இரசிகர்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தனர். கோல் காவலரின் வேலை கடினமானது. முன்கள ஆட்டக்காரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஒரு கோல் போட்டாலும் பாராட்டப்படுவார். கோல் காவலரோ பத்துப் பந்துகளைத் தடுத்து ஒன்றை விட்டாலும் பழிக்கு ஆளாவார். அந்த இடத்தில் நின்றபடி ஆறுமுகம் மலேசிய தேசிய அணிக்காக ஏறத்தாழ 200 ஆட்டங்களில் விளையாடினார். 1977, 1979ஆம் ஆண்டுகளின் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மலேசியா காற்பந்தில் தங்கம் வென்றது.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெறும் கடைசி ஆட்டம் மெர்டேக்கா அரங்கில் நடைபெற்றது. எதிரணி தென்கொரியா. மலேசிய அணியில் சோ சின் ஆன், சந்தோக் சிங், ஹசான் சானி, ஜேம்ஸ் வோங் என்று பல இனத்தவரும் இருந்தனர். ஆறுமுகம் கோலைக் காத்தார். ஆட்டத்தின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வோங் போட்ட கோல் மலேசியாவுக்கு 2-1 என வெற்றி தேடித் தந்தது. அரங்கமே ஆர்ப்பரித்தது.

ஆனால் அந்த வீரர்கள் மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. களத்தில் போராடிப் பெற்ற இடம் ஈராக்கிற்குச் சென்றது. விளையாட்டு வீரனுக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறென்ன இருக்க முடியும்? தோல்வி என்றாலாவது அடுத்த முறை வெல்லலாம் என்று தேற்றிக்கொள்ளலாம். இவர்களோ வென்றவர்கள்.

ஆறுமுகத்திற்கு ஒலிம்பிக்கில் விளையாடும் வாய்ப்பு மீண்டும் அமையவில்லை. 1988ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு சாலை விபத்தில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 35.

2016ஆம் ஆண்டு, 1980இன் அந்த அணியை நினைவூட்டும் 'ஓலா போலா' என்ற மலேசியத் திரைப்படம் வெளிவந்தது. அதில் கோலைக் காக்கும் தமிழ் இளைஞன் முத்து, ஆறுமுகத்தின் சாயலில் உருவான பாத்திரம்.