பதினான்கு வயதில் எழுந்த வினா

ஐதராபாத்தில் ஒரு மாலைப் பொழுது. இரானித் தேநீர்க் கடையொன்றில் நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம்: நான், நெல்லைச் சீமையிலிருந்து வந்த என் அறை நண்பர், எங்கள் வகுப்பிற் பயிலும் தெலுங்கு நண்பர். மூன்று கோப்பைத் தேநீர் வந்தது. தெலுங்கு நண்பர் தம் கோப்பையை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். தேநீரும் காப்பியும் தம் சமயத்தில் விலக்கு என்றார். எந்தச் சமயம் என்று கேட்டேன். தாம் கிறித்தவர் என்றும், மார்மன் என்று பிறர் அழைக்கும் சபையைச் சேர்ந்தவர் என்றும் கூறினார். அறை நண்பரின் முகம் மாறிற்று. மார்மன்கள் கிறித்தவரே அல்லர் என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். எல்லாம் ஒன்றுதானே என்று நான் சமாதானம் பேசப் புகுந்தேன். அந்தச் சொல் இருவரையும் புண்படுத்திற்று. சில நாட்கள் இருவருமே என்னோடு பேசவில்லை.

அறியாமல் சொல்லும் சமாதானம் சமாதானம் ஆகாது என்று அன்று உணர்ந்தேன். ஆகவே மார்மன் சபையைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை மன்றத்து நண்பர்கள்முன் வைக்கின்றேன்.

ஜோசப் ஸ்மித் 1805 திசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஓர் ஏழை உழவர் குடியிற் பிறந்தார். பிழைப்பை நாடி அக்குடும்பம் நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா ஊருக்குப் பெயர்ந்தது. அக்காலத்தில் அப்பகுதியெங்கும் சமய எழுச்சி. மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், பாப்டிஸ்டு எனப் பல சபையினரும் போட்டியிட்டு ஆள் சேர்த்தனர். ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு இத்தனை பூசலா? இவற்றுள் எது மெய்? இவ்வினா பதினான்கு வயதுச் சிறுவனின் உள்ளத்தைக் குடைந்தது. 1820-இல் காட்டிற் சென்று தனியே வேண்டியபோது, தந்தையாம் கடவுளும் ஏசுவும் இரு வேறு உருவினராய்த் தோன்றி, எந்தச் சபையிலும் சேர வேண்டாம் என்று பணித்தனர் எனப் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

இளமையில் அவர் செய்த தொழிலையும் மறைத்தல் கூடாது. நம்மூரில் மை போட்டுப் பார்ப்பதுபோலக் கல்லைப் பார்த்துப் புதையல் இருக்குமிடம் சொல்லி வந்தார். அதன் பொருட்டு 1826-இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். மறு ஆண்டு எம்மா ஹேல் என்னும் மங்கையை மணந்தார். வானவர் ஒருவர் காட்டிய பொன்னேடுகளைக் குன்றிலிருந்து எடுத்ததாகக் கூறியதும் அவ்வாண்டிலேதான். அவற்றின் மொழிபெயர்ப்பு என அவர் தந்ததே மார்மன் நூல். 1830-இல் ஐயாயிரம் படிகள் அச்சாயின. அச்சுக் கூலிக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற உழவர் தம் நிலத்தையே அடகு வைத்தார். எருசலேமிலிருந்து அமெரிக்கா சென்ற மக்களைப் பற்றியும், உயிர்த்தெழுந்த ஏசு அவர்கட்குக் காட்சி தந்ததைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. அதை வரலாறாக ஏற்கத் தொல்பொருள் ஆய்வில் சான்றில்லை. நம்புவோர்க்கோ அது மறை. 1830 ஏப்ரல் 6-இல் சபை நிறுவப்பட்டது.

நிற்க. மற்றக் கிறித்தவரோடு இவர்கள் வேறுபடுவது எங்கே? தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது கி.பி. 325-இல் கூடிய நைசியாச் சங்கம் முதலாக நிலைபெற்ற கொள்கை. மூவரும் தனித்தனியர், நோக்கத்தால் மட்டுமே ஒருவர், தந்தைக்கும் தசையும் எலும்பும் உண்டு என்பது மார்மன் கொள்கை. மற்றவர்க்கு விவிலியத்தோடு மறை முற்றிற்று. இவர்கட்கு மேலும் மூன்று நூல்கள் உண்டு. இன்றும் இறைவாக்கினர் ஒருவர் தலைவராக இருக்கிறார். உயிர்கள் பிறவிக்கு முன்னரே கடவுளிடம் இருந்தன. மனிதன் கடவுளைப்போல் உயரக்கூடும். இறந்தோர்க்காக வாழ்வோர் திருமுழுக்குப் பெறலாம் என்பனவும் இவர்தம் கொள்கைகள். தேநீர் விலக்கிற்கு அடிப்படை 1833-இல் ஸ்மித் அளித்த அறிவுரை. மதுவும் புகையிலையும்கூட விலக்கே.

சபை வளர்ந்தது, பகையும் வளர்ந்தது. ஒகையோவில் அவர் நடத்திய வங்கி 1837-இல் முறிந்தது. மார்மன்களை விரட்டுக அல்லது அழித்திடுக என்று 1838-இல் மிசௌரி ஆளுநர் ஆணையிட்டார். குளிரில் ஆயிரக்கணக்கானோர் ஊர்விட்டு ஓடினர். ஸ்மித் சிறையிற் கிடந்தார். பின்னர் இல்லினாய் மாநிலத்தில் நாவூ நகரை எழுப்பினார். அங்கேதான் பலதார மணம் மறைவாகப் பரவியது. முப்பதுக்கு மேற்பட்ட மகளிரை அவர் மணந்தார் என்பர் ஆய்வாளர். அதை வெளிப்படுத்திய செய்தித்தாளின் அச்சகத்தை 1844 சூனில் அழிக்கச் செய்தார். அதன் விளைவாகக் கார்த்தேஜ் சிறை புகுந்தார். சூன் 27-இல் ஒரு கும்பல் சிறைக்குள் நுழைந்து அவரையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு வயது 38.

எது மெய்ச்சபை என்று கேட்டவர் மறைந்ததும் அவர் சபையே பிளந்தது! பெரும்பகுதியினர் பிரிகாம் யங்கைப் பின்பற்றி 1847-இல் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அச்சபை 1890-இல் பலதார மணத்தைக் கைவிட்டது. விடாதவர் தனிக்குழுக்கள் ஆயினர். கறுப்பின ஆடவர்க்கு மறுத்து வந்த குருத்துவத்தை 1978-இல்தான் வழங்கியது. எம்மாவோ யங்குடன் செல்லவில்லை. அவர் மகன் தலைமையில் 1860-இல் எழுந்த கிளை பலதார மணத்தை என்றுமே ஏற்றதில்லை. கிறிஸ்துவின் சமுதாயம் எனப் பொருள்படும் பெயரை 2001-இல் சூடிய அக்கிளை மூவொருமைக் கொள்கைக்கு நெருங்கி நிற்கிறது. பெண்களுக்கும் குருத்துவம் அளிக்கிறது.

ஐதராபாத்துக்கு யங்கின் வழிவந்த சபை வேரூன்றியது 1978-இல். சமோவாத் தீவில் அதைத் தழுவிய எட்வின், எல்சி தர்மராஜு இணையர் இங்கு வந்து தம் உறவினர்க்குப் போதித்தனர். இந்தியாவில் அச்சபையின் முதல் முழுநிலை மண்டலம் 2012-இல் அமைந்ததும் இந்நகரிலேதான்.

நெல்லை நண்பர் சொன்னதில் பொருள் உண்டு: மார்மன் திருமுழுக்குச் செல்லாது என்று 2001-இல் கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது. தெலுங்கு நண்பர் தரப்பும் சளைத்ததன்று: வேறு சபையிலிருந்து வருவோர்க்கு அவர்களும் மீண்டும் முழுக்குத் தருகின்றனர். இருவர்க்கும் வேற்றுமை பெரிது. அதனை ஒன்றுமில்லை என்று துடைத்த நானே பிழை செய்தேன்.

ஆனால் ஒன்று கண்டேன். ஸ்மித்தைக் கலக்கிய அதே சபைப் பூசல் வெள்ளாளன்விளைத் தமிழர் ஒருவரையும் கலக்கியது. அவர்தாம் 1912-இல் நிசாம் ஆட்சிப் பகுதியில் தோர்ணக்கல் பேராயரான அசரியா. ஸ்மித் புதிய சபை கண்டார். அசரியா இருந்த சபைகளை இணைக்க உழைத்தார். அவர் 1945-இல் மறைந்தார். ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டும் பிரெஸ்பிட்டேரியனும் பிறரும் கூடி 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை ஆயினர். வினா ஒன்று, விடை இரண்டு.

இதனை நண்பர் இருவர்க்கும் சொன்னேன். கொள்கையில் எவரும் இறங்கி வரவில்லை. வரவேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆயினும் மறுவாரம் மூவரும் அதே கடைக்குச் சென்றோம். தேநீர் இரண்டு கொண்டு வரும்படியும், மூன்றாமவர்க்குப் பால் கொண்டு வரும்படியும் சொன்னவர் என் அறை நண்பர்.